மிட்டாய் டப்பாவும் டாங்கிளும்

2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில், ஹெட்போனில் பாட்டுக் கேட்பதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் பலரின் பையில் ஒரு தகர டப்பா இருந்தது. ஆல்டாய்ட்ஸ் என்ற பெப்பர்மின்ட் மிட்டாய் அடைத்து விற்கும் டப்பா அது. மிட்டாய் தீர்ந்ததும் பக்கத்தில் துளை போட்டு, உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் போர்டையும் 9 வோல்ட் பேட்டரியையும் வைத்து, வெளியே ஒரு வால்யூம் குமிழும் இரண்டு ஜாக்கும் பொருத்தினால் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் தயார். சூ மோய் என்பவர் 1998-இல் இந்தச் சர்க்யூட்டை யாரும் செய்துகொள்ளும்படி விளக்கி எழுதி வெளியிட்டார். அவர் பெயரை ஒட்டி அதை ‘சிமோய்’ என்றே அழைத்தார்கள். தகர டப்பா அவர் விதித்ததில்லை. செய்து பார்த்தவர்கள் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொள்ள, அதுவே வழக்கமாகிவிட்டது.

இன்று அந்த வேலையைச் செய்வது, போனின் சார்ஜர் துளையில் செருகும், ஒரு சாண் நீளம்கூட இல்லாத, டாங்கிள் எனப்படும் கம்பி. அதன் முனையில் உள்ள உறைக்குள், புளியங்கொட்டையைவிடச் சிறிய சில்லு ஒன்றில், எண்களை ஒலியலையாக மாற்றும் டி.ஏ.சி.யும் அந்த அலைக்கு வலுவேற்றும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தே இருக்கின்றன. டப்பாவுக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 20 ஆண்டுகள்.

டப்பாவைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். எட்டுக் கால் ஐ.சி. ஒன்று, சில ரெசிஸ்டர்கள், சில கெப்பாசிட்டர்கள், அவ்வளவுதான். பேட்டரியின் 9 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர்கள் நடுவில் பிரித்து, மேலே நாலரை, கீழே நாலரை என்று ஐ.சி.க்குக் கொடுக்கும். மூல வரைபடத்தின்படி உள்ளே வரும் சிக்னல் 11 மடங்காகி வெளியே போகும். அது அதிகம் என்று பட்டவர்கள் ரெசிஸ்டரை மாற்றிக் குறைத்துக்கொண்டார்கள். ஐ.சி.யை நேரடியாகப் பற்றவைக்காமல் சாக்கெட்டில் செருகி, வேறு வேறு ஐ.சி.களைப் போட்டுக் கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. நம் ஊர்களில் எல்.ஏ. 4440 ஐ.சி.யை வைத்து அசெம்பிள் செட் செய்துகொடுத்த ரேடியோ மெக்கானிக்குகளின் கடைவாசலில் நின்றவர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை. எந்தப் பாகம் எதற்கு என்று தெரிந்த பொருளோடு பழகுவதில் ஒரு நிறைவு இருந்தது.

அந்த டப்பா ஏன் தேவைப்பட்டது? 1979-இல் வந்த சோனி வாக்மேன் இரண்டு பென்டார்ச் பேட்டரிகளில், அதாவது 3 வோல்ட்டில் ஓடியது. அதனோடு வந்த லேசான ஹெட்போனுக்கு அது போதும். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் வீட்டுக்கும் என்று வடிவமைத்த பெரிய ஹெட்போன்கள் வேறு ரகம். 1997-இல் வந்து இன்றும் விற்பனையில் இருக்கும் சென்ஹைசர் எச்.டி. 600-இன் மின்தடை 300 ஓம். ஒரு வோல்ட் கொடுத்தால் அது 97 டெசிபல் ஒலி தரும். கேட்க அது தாராளம் என்று தோன்றும். ஆனால் இசை ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. மெல்லிய வயலினுக்குப் பின் தவில் விழும்போது அந்த ஒரு கணத்துக்கு 110 டெசிபல் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட நாலரை வோல்ட் தேவை. 3 வோல்ட் பேட்டரியில் ஓடும் கருவியால் அந்தக் கணத்தைத் தாண்ட முடியாது. அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்ட இடத்தில் காதுக்கு வருவது கரகரப்பு. டப்பா அந்த இடைவெளியைக் குறைத்தது. முழுவதும் அடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. 9 வோல்ட் பேட்டரியிலிருந்து கிடைக்கக்கூடிய ஒலி வோல்ட் இரண்டு, இரண்டரைதான்.

இது ஆம்ப்ளிஃபையரின் கதை. டி.ஏ.சி.யின் கதை தனியாக வந்து பின்னர் இதோடு சேர்ந்தது. 1982-இல் குறுந்தகடு வெளியானபோது அதன் அளவுகோல் 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரிகள். பிலிப்ஸின் முதல் பிளேயரில் இருந்த டி.டி.ஏ. 1540 சில்லோ 14 பிட் மட்டுமே கொண்டது. மாதிரிகளின் வேகத்தை நான்கு மடங்காக்கிக் கணக்கிட்டு, 16 பிட்டுக்கு நிகரான தரத்தை அதிலிருந்து எடுத்தார்கள் பிலிப்ஸ் பொறியாளர்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று இரண்டு சில்லுகள் போர்டில் அருகருகே உட்கார்ந்திருந்தன. மேசையில் வைக்கும் கனமான பெட்டிக்குள் நடந்த வேலை அது.

2001-இல் ஐபாட் வந்தது. 2003-இல் அதன் அடியில் 30 பின் கொண்ட இணைப்பு வந்தது. அந்த 30 பின்களுக்குள் ஐபாடின் வால்யூமைத் தாண்டிச் சிக்னலை நேரடியாக எடுக்க ஒரு வழி இருந்தது. ஆர்வலர்கள் கைவிரல் நீளக் கம்பிகளைச் செய்து, அந்த வழியில் பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுத்தார்கள். ஐபாட் மேலே, ஆம்ப்ளிஃபையர் கீழே, இரண்டையும் சேர்த்துக் கட்டிய ரப்பர் பேண்டு: 2000-களின் அடையாளச் சித்திரம் அது. செங்கல் போன்ற அந்த அடுக்கைப் பையில் சுமப்பதில் அவர்களுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் அந்த அடுக்கில் டி.ஏ.சி. ஐபாடுக்குள்ளேயே இருந்தது. எண்களாக இருக்கும் பாட்டை அப்படியே வெளியே எடுக்க ஆப்பிள் பல காலம் யாருக்கும் வழிவிடவில்லை. 2011 வாக்கில் சைஃபர் லேப்ஸின் ஆல்கோரிதம் சோலோ, ஃபாஸ்டெக்ஸின் எச்.பி.-பி1 போன்ற கையடக்கக் கருவிகள்தான் முறையான அனுமதியோடு அந்தக் கதவைத் திறந்தன. புறவழி ஒன்றும் இருந்தது. புகைப்படக் கேமராவிலிருந்து படங்களை ஐபேடுக்கு மாற்ற 2010-இல் விற்கப்பட்ட யு.எஸ்.பி. இணைப்பானில் டி.ஏ.சி.யைச் செருகினால் அதுவும் வேலை செய்தது. 2013-இல் ஐ.ஓ.எஸ். 7 வந்ததும் ஐபோனிலும் அது சாத்தியமானது. ஆனால் செருகிய கருவி கொஞ்சம் அதிக மின்சாரம் கேட்டால் போதும், ‘இதற்கு மின்தேவை அதிகம்’ என்ற எச்சரிக்கை திரையில் எழுந்து எல்லாம் நின்றுவிடும். நடுவே மின்சாரம் கொடுக்கும் யு.எஸ்.பி. ஹப் ஒன்றை வைத்து அதையும் சமாளித்தார்கள். ஆண்ட்ராய்டு பக்கம் 2014-இல் 5-ஆம் பதிப்பு வந்தபோதுதான் யு.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்கு இயங்குதளத்திலேயே இடம் கிடைத்தது. அப்போதும் எந்த வேகத்தில் பதிவான பாட்டையும் பெரும்பாலும் 48,000 மாதிரிகளாக மாற்றித்தான் வெளியே விட்டது. அதைத் தவிர்க்கத் தனிச் செயலியைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது.

இந்தக் காலத்தின் உச்சம் என்று நான் கருதுவது 2015 அக்டோபரில் வந்த மோஜோ. இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்த கார்ட் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்தது, விலை 399 பவுண்டு. உள்ளங்கையில் அடங்கும் அலுமினியக் கட்டி. எடை சுமார் 180 கிராம். மற்றவர்கள் கடையில் கிடைக்கும் டி.ஏ.சி. சில்லை வாங்கிப் பொருத்தியபோது, இதை வடிவமைத்த ராப் வாட்ஸ், எந்தச் சர்க்யூட்டாகவும் நிரல்வழி மாற்றக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. சில்லில் தன் சொந்தக் கணக்கீட்டை எழுதி, எண்ணை ஒலியாக்கும் முறையையே தானே அமைத்தார். பொத்தான்களாக இருந்த மூன்று சிறு கோளங்கள், ஓடும் பாட்டின் மாதிரி வேகத்துக்கும் வால்யூமுக்கும் ஏற்ப நிறம் மாறும். சிவப்பென்றால் 44,100. ஒரு கருவி தன்னுள் நடப்பதைக் கேட்பவருக்கு இப்படிச் சொல்லிக்கொண்டே இருப்பது எனக்கு மிகவும் பிடித்த குணம். கையடக்க டி.ஏ.சி. தனக்கென்று ஓர் உடலும் முகமும் கொண்டிருந்தது அப்போதுதான்.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, எதிர்த்திசையிலிருந்து ஒருவர் வந்தார். ‘என்.டபிள்யூ.ஏ.வி. கை’ என்ற புனைபெயரில் மட்டும் எழுதிய ஒரு பொறியாளர். ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்களை அந்நாளில் பெரும்பாலும் உரிச்சொற்களால்தான் விவரித்தார்கள்: இதமானது, வெளிச்சமானது, இசைத்தன்மை மிக்கது. இவர் ஆய்வுக்கூடத் தரமுள்ள அளவீட்டுக் கருவியை வைத்து ஒவ்வொன்றையும் சோதித்து வரைபடங்களோடு எழுதினார். பிறகு 2011-இல் ஓ2 என்ற ஆம்ப்ளிஃபையரைத் தானே வடிவமைத்து, விலை மலிந்த பாகங்களாலேயே அதைக் கட்டி, பலமடங்கு விலையுள்ள கருவிகளுக்குச் சளைக்காத அளவுகளைக் காட்டினார். வரைபடம் முழுவதையும் இலவசமாகக் கொடுத்தார். யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், மாற்றக் கூடாது என்பதே நிபந்தனை. பல சிறு நிறுவனங்கள் செய்து விற்றன. அவருக்கு ஒரு காசும் போகவில்லை. 2012-இன் நடுவில் அவர் எழுதுவது சட்டென்று நின்றது. அவர் யார் என்பது இன்றுவரை பொதுவெளியில் தெரியாது.

அவர் விட்டுச்சென்ற பழக்கம் நிலைத்துவிட்டது. இன்று எந்த டாங்கிள் வந்தாலும் சில நாட்களில் அதன் வெளியீட்டு வோல்ட், இரைச்சல், திரிபு எல்லாம் எண்களாகக் கிடைத்துவிடுகின்றன. அன்று வாங்குபவருக்குக் கடைக்காரரின் வாக்கு அல்லது நண்பரின் ரசனை மட்டுமே துணை. இன்று அளவீடு பொதுச் சொத்து. இந்தக் கதையில் கேட்பவருக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான் என்பேன்.

2016 செப்டம்பரில் ஐபோன் 7 வந்தது, ஹெட்போன் துளை இல்லாமல். தொலைபேசி இணைப்பகப் பலகைகளுக்காக 19-ஆம் நூற்றாண்டில் உருவான கால் அங்குலச் செருகியின் சிறு வடிவம் அந்த 3.5 மில்லிமீட்டர் ஜாக். எந்தக் கருவியையும் எந்த ஹெட்போனோடும் சேர்க்கும் பொதுமொழியாக அது இருந்தது. ஆப்பிள் அதை நீக்கியதை அந்நிறுவனத்தின் ஃபில் ஷில்லர் மேடையில் துணிச்சல் என்று குறிப்பிட்டார். 2017-இல் கூகுளின் பிக்ஸல் 2-உம் 2019-இல் சாம்சங்கின் நோட் 10-உம் அதே வழியில் போயின. இதே நேரத்தில் மறுதிசையில் நடந்த நிறுவனம் எல்.ஜி. அதன் வி20 போனில் 2016-லேயே ஹெட்போன் துளைக்குப் பின்னால் ஈ.எஸ்.எஸ். நிறுவனத்தின் தரமான டி.ஏ.சி. இருந்தது; தனிப் பெட்டி எதுவும் வேண்டாம். 2021 ஏப்ரலில் எல்.ஜி. போன் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. அந்தப் பழைய போன்களைப் பாட்டுக்காக மட்டும் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

துளையை எடுத்த ஆப்பிள் அதற்கு ஈடாக 9 டாலருக்கு ஓர் இணைப்பானைக் கொடுத்தது. 2018-இல் அதன் யு.எஸ்.பி.-சி வடிவமும் அதே விலையில் வந்தது. அதை அளந்து பார்த்தவர்கள் வியந்தார்கள். வெளியீடு 1 வோல்ட். இரைச்சலும் திரிபும் முழு ஒலியிலிருந்து ஏறத்தாழ 99 டெசிபல் கீழே. 16 பிட் குறுந்தகட்டின் கணித எல்லையே 98 டெசிபல்தான். அதாவது 1982-இல் இரண்டு சில்லுகளும் ஒரு பெரிய பெட்டியும் எட்டப் போராடிய இடத்தை, 9 டாலர் கம்பி பேட்டரி இல்லாமல் எட்டிவிட்டது. அதைவிட வலுவானது வேண்டுமென்றால், சிரஸ் லாஜிக்கின் சி.எஸ். 43131 போன்ற சில்லுகள் இரண்டைக் கொண்ட டாங்கிள்கள் 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு ஜாக்கில் 4 வோல்ட் தருகின்றன. எச்.டி. 600 கேட்கும் நாலரைக்கு அது பக்கத்தில் வந்துவிடுகிறது. மிட்டாய் டப்பாவின் இரண்டரையை அது தாண்டியே போய்விட்டது.

எண்களில் பேசினால் தோல்வியே இல்லாத கதை. ஆனால் போனோடு வந்த ஒன்று தனியாக வாங்க வேண்டிய ஒன்றாகிவிட்டது. டாங்கிள் சார்ஜர் துளையை எடுத்துக்கொள்வதால், பாட்டுக் கேட்டபடி சார்ஜ் போட முடிவதில்லை. அதற்கென்று பேட்டரி இல்லாததால் போனின் பேட்டரியையே அது குடிக்கிறது. எல்லாவற்றோடும் சேரும் என்ற பழைய உறுதியும் போயிற்று. ஆப்பிளின் இணைப்பானைப் பல ஆண்ட்ராய்டு போன்களில் செருகினால் முழு ஒலி வருவதில்லை. அதன் ஐரோப்பிய வடிவம், காதுகளைக் காக்கும் விதிகளை ஒட்டி, அரை வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்க நிற்பவருக்கு இன்னொரு சிக்கல். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் யு.எஸ்.பி.-சி இணைப்பான்கள் இரண்டு வகை. ஒன்றினுள் டி.ஏ.சி. சில்லு உண்டு. மற்றது வெறும் கம்பி. போன் தன்னுள் இருக்கும் டி.ஏ.சி.யிலிருந்து ஒலியை அனுப்பினால் மட்டுமே அது பேசும். பல போன்கள் அனுப்புவதில்லை. உறையின் மேல் பெரும்பாலும் இது எழுதியிருப்பதில்லை என்பதால், கேட்டு வாங்க வேண்டும்.

சில்லுகளின் முகவரிகளும் மாறின. முதல் சில தலைமுறை ஐபாடுகளில் இருந்த டி.ஏ.சி. எடின்பரோவின் உல்ஃப்சன் நிறுவனத்துடையது. 2014-இல் அமெரிக்காவின் சிரஸ் லாஜிக் அதை வாங்கிக்கொண்டது. ஜப்பானில் அசாஹி கசேய் நிறுவனத்தின் ஏ.கே.எம். சில்லுகளுக்குத் தனி ரசிகர் கூட்டமே இருந்தது. 2020 அக்டோபர் 20 அன்று மியாசாகி மாநிலத்து நொபேஓகாவில் இருந்த அதன் ஆலை தீப்பிடித்தது. தீயை முழுவதும் அணைக்க மூன்று நாட்களுக்கு மேல் ஆனது. டி.ஏ.சி. செய்யும் எத்தனையோ நிறுவனங்கள் அந்த ஒரே கூரையின் கீழிருந்து வரும் சில்லை நம்பியிருந்தன என்பது அப்போதுதான் வெளியாருக்கு உறைத்தது. கையிருப்பு தீர்ந்ததும் பலர் தங்கள் சர்க்யூட்டையே மாற்றி வரைந்து ஈ.எஸ்.எஸ். அல்லது சிரஸ் பக்கம் போனார்கள். டப்பாக் காலத்தில் ஒரு ஐ.சி. கிடைக்காவிட்டால் அதே எட்டுக் காலுள்ள இன்னொன்றைச் சாக்கெட்டில் செருகினால் முடிந்தது. இன்றைய டி.ஏ.சி. சில்லுகளுக்கு அப்படிப்பட்ட பொதுவான கால் அமைப்பு இல்லை.

பாட்டும் மாறியது. 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக், கூடுதல் கட்டணம் இல்லாமல், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரையிலான இழப்பற்ற ஒலியைத் தரத் தொடங்கியது. 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்க ஐபோனுக்கு வெளி டி.ஏ.சி. வேண்டும். துளை இருந்த காலத்தில் அவ்வளவு நுணுக்கமான பாட்டு எளிதில் கிடைக்கவில்லை; கிடைத்த காலத்தில் துளை இல்லை. பெரும்பாலானோர் கேட்பதோ ப்ளூடூத்தில். குறுந்தகட்டின் ஓட்டம் நொடிக்கு 1,411 கிலோபிட், ப்ளூடூத்துக்கான சோனியின் எல்.டி.ஏ.சி. முறையின் உச்சமே 990. பழைய தமிழ்த் திரைப்பாடல்களைத் தேடிக் கேட்பவர்களுக்கு நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தேய்ந்த இசைத்தட்டிலிருந்தோ கேசட்டிலிருந்தோ அவசரமாக மாற்றி ஏற்றப்பட்ட பாடலுக்கு எந்த டி.ஏ.சி.யும் உயிர் கொடுக்காது. நல்ல கருவியில் அந்த இரைச்சல் இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். மூலநாடாவிலிருந்து கவனமாக எடுத்த ஒரு பிரதி, 400 பவுண்டு கருவியைவிட அதிகம் செய்யும்.

கம்பியில்லா இயர்போன்களில் டி.ஏ.சி.யும் ஆம்ப்ளிஃபையரும் காதுக்குள்ளேயே குடியேறிவிட்டன, ஒவ்வொரு காதுக்கும் ஒவ்வொரு தொகுதியாக, கூடவே பிசின் போட்டு ஒட்டிய ஒரு சின்ன பேட்டரியும். அந்தப் பேட்டரி சில ஆண்டுகளில் ஓய்ந்ததும், பழுதில்லாத டி.ஏ.சி.யும் ஆம்ப்ளிஃபையரும் சேர்ந்தே குப்பைக்குப் போகின்றன. மிட்டாய் டப்பாவில் பேட்டரி தீர்ந்தால் பெட்டிக்கடையில் இன்னொன்று வாங்கி மாட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறை, 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகளோடு, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்கிறது.

டாங்கிளில் பேட்டரி இல்லை என்பதால் இந்த விதி அதற்குப் பொருந்தாது. அதில் முதலில் போவது கம்பி. பையில் வைத்து வைத்து மடங்கி, முனையில் உள்ளே அறுந்து, ஒரு காதில் ஒலி நிற்கும். உறை வார்த்து மூடியிருப்பதால் பிரித்துப் பற்றவைக்கவும் வழியில்லை. சமீப ஆண்டுகளில் சில நிறுவனங்கள் டாங்கிளின் உடலிலேயே யு.எஸ்.பி.-சி துளை வைத்து, கம்பியைத் தனியாகக் கழற்றும்படி செய்கின்றன. கம்பி போனால் சில நூறு ரூபாயில் வேறு கம்பி போட்டுக்கொள்ளலாம். டாங்கிள் வாங்கப்போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டால், வோல்ட்டையும் டெசிபலையும் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறேன்.